இளஞ்சிறார்க்கு மணிமேகலை கூறுதல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற சித்திரைத் திங்களில் நம் சங்கத்தின் செயற்குழுவினர் என்னை அழைத்து, ஆண்டுதோறும் தேர்ச்சி பெறும் நம் பிள்ளைகட்குப் பரிசாக வழங்குதற்கு ஒரு சிறுநூல் எழுதித் தருமாறு பணித்தனர். பழங்காப்பியம் ஒன்றனைப் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ளார் பிறர் துணையின்றிப் படித்தறியுமாறு எளிய உரைநடையில் அமைத்தல் வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. யான் மணிமேகலையை எடுத்துக்கொண்டேன். ஆறு திங்களில் கைப்படி முடிவுற்றது. அதனைப் பார்வையிட்ட அன்பர்களுள் சிலர், ஒரு பகுதியை மட்டும் நீக்கிவிடின் நலமாம் என்று கருதினர். அவர்கள் கருத்து நல்லெண்ணத்தின்பாற்பட்டதே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் யான் அதற்கு உடன்பட்டேனல்லேன். அதற்குரிய காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் கூறுக என்று தலைவர் அவர்கள் பெருந்தன்மையோடு இடமளித்தமையின் இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

இராமாயணமும் பாரதமும் இருக்க, மணிமேகலையை ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். கம்பர் பிறந்த தேரழுந்தூர் நமக்கு அயலூர். அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனை பாடியதும் இச்சோழநாட்டிலேதான். திரௌபதியம்மன் கோயில்களிலே பாரதம் படிப்போர் பல இரவுகள் இருந்து படிக்க, அறுவடை முடிந்த உழவர் வைக்கோலின்மேல் அமர்ந்து கேட்ட வழக்கத்தை இங்குள்ள முதியோர் அறிவர். மெலட்டூரிலே பிரகலாதனைக் காண வேண்டின் பாகவத மேளத்திற்குப் போதல் சாலும். ஆகவே அக்கதைகள் ஏட்டை நம்பியிருந்தனவல்ல. பாட்டிமார் மடியிலிருந்தே பிள்ளைகளுக்குக் கிடைத்தன. மணிமேகலைக்கோ பாட்டிமார் இலர். காவிரி கடலொடு கலக்கும் புகாரிலே நிகழ்ந்ததாக நடக்கும் காப்பியம், நம் ஊர்களிலிருந்து பேருந்தில் சில நாழிகையிற் சென்று காணத்தக்க இடத்துக் காப்பியம், நம் வீடுகளிலே வழங்கவில்லை. பௌத்தம் இந்நாட்டில் அருகியபொழுது அக்கதையைச் சொல்லும் வாய்களும் அருகின. ஏட்டினின்று ஒருவர் எடுத்துத் தந்தாலன்றி அது பிள்ளைகளைச் சென்று சேராது.

அங்ஙனம் எடுத்துத் தந்தவர் யாவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855ஆம் ஆண்டிற் பிறந்து, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள், 1887இல் சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1898இல் மணிமேகலையையும் அச்சிட்டார்கள். மணிமேகலையிலே அவர்களுக்கு நேர்ந்த இடர்ப்பாடு பெரிது. பாடபேதங்களைச் சீர்செய்தல் ஒருபுறமிருக்க, பௌத்த சமயக் கருத்துக்களை விளக்குதற்கு இந்நாட்டில் ஒரு பௌத்தரும் கிடைத்திலர். மளூர் ரங்காசாரியர் என்னும் ஆங்கிலமும் வடமொழியும் வல்ல அறிஞர் அந்நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயரவர்கள் தமிழில் எழுதிக்கொண்டார்கள். இத்துணைப் பெரும்பாடு பட்டவர்கள், நூலை அச்சிட்டபொழுது அதனோடு கதைச் சுருக்கம் ஒன்றையும் உரைநடையில் எழுதிச் சேர்த்தார்கள் என்பதை யான் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகின்றேன். செய்யுளை வசனமாக்குதல் புலமைக்கு இழுக்கு என்று எண்ணுவார் இன்றும் சிலர் உளர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள் 1852ஆம் ஆண்டிலேயே பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார்கள். அவ்விருவர்க்கும் இல்லாத இழுக்கு நம்மனோர்க்கு எங்கிருந்து வரும்?

இனி, எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் விஷயத்திற்கு வருவேன்.

மணிமேகலை முப்பது காதைகளையுடையது. முப்பதையும் பிள்ளைகட்குச் சொல்லுதல் இயலாது. சொல்ல வேண்டுவதும் இல்லை. சமயக்கணக்கர் பலர் தத்தம் கொள்கைகளை உரைக்கும் பகுதியும், அளவைநூல் கூறும் பகுதியும் எம்போன்ற பண்டிதர்க்கே வியர்வை வருவிப்பன. அவற்றை யான் ஒரு சொல்லும் இன்றி விட்டுவிட்டேன். அதனாற் கதைக்கு யாதொரு குறையும் இல்லை. முற்பிறப்பு வரலாறுகள் ஒன்றனுள் ஒன்றாய்ப் பின்னிக் கிடப்பதையும் பெரிதும் குறைத்தேன். விஞ்சையன் காஞ்சனன் உதயகுமாரனை வாளால் வெட்டும் செய்தியைச் சுருக்கினேனே யன்றி மறைக்கவில்லை. மாதவியின் குலத்தொழிலைப் பற்றி எங்ஙனம் கூறுவது என்று ஒருவாரம் எண்ணியிருந்து, ஆடல் பாடலில் வல்லவர்கள் என்றும், மணம்புரிந்து வாழும் உரிமை அவர்கட்கு அளிக்கப்படவில்லை என்றும் இரண்டே வாக்கியம் எழுதினேன். இரண்டாம் வாக்கியம் உண்மை; பிள்ளைகட்கு விளங்குவதும் ஆகும்.

யானைத்தீ நோயால் எத்துணை உண்டும் பசி ஆறாத காயசண்டிகையின் கதையை நீட்டி எழுதினேன். மரக்கலம் உடைந்து, நக்கசாரணர் வாழும் தீவிலே ஒதுங்கிய சாதுவன், தன்னை உண்ண வந்தாரோடு அவர்கள் மொழியிலேயே பேசிப் பிழைத்த கதையை இன்னும் நீட்டினேன். இவ்விரண்டும் வகுப்பிலே ஒருமுறை சொன்னால் மறுமுறை கேட்கப்படும் கதைகள். பிறமொழி கற்றலின் பயனை இதைவிட நன்றாக எந்தப் பாடநூல் கூறும்?

மேனாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. ஆங்கிலத்திலே லாம் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1807ஆம் ஆண்டில் சேக்சுபியர் நாடகங்களைச் சிறார்க்கு உரைநடைக் கதைகளாக்கினர். பெரும்பகுதியை எழுதியவர் தமக்கையாராகிய மேரி. நூலின் முகப்பில் அச்சேறியதோ தம்பியின் பெயர் மட்டுமே. (நம் வீடுகளிலும் இது நடப்பதுதான்.) மறுவருஷம் தம்பியார் கிரேக்கப் பெருங்காப்பியத்தினின்று உலிசீசன் பயணத்தை எழுதியபொழுது, ஒற்றைக்கண் அரக்கன் மனிதரைத் தின்னும் பகுதி கொடியதாய் இருக்கிறது, பெற்றோர் வாங்கமாட்டார் என்று பதிப்பாளர் அஞ்சினார். ஆசிரியர் சிறிது மாற்ற இசைந்தார். முழுதும் மென்மையாக்க மறுத்துவிட்டார். நம் நாட்டில் இராஜாஜி அவர்கள் சக்கரவர்த்தித் திருமகனை எழுதியபொழுது பட்டாபிஷேகத்தோடு நிறுத்தி, சீதையைக் காட்டிற்கு அனுப்பிய கதையை எழுதத் தம் உள்ளம் இடம்கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார்கள். அவர்கள் தள்ளியது சரியா தவறா என்பது வேறு. தள்ளியதைத் தள்ளினேன் என்று சொன்னார்களே, அந்த நேர்மையை யான் மதிக்கின்றேன். சொல்லாமல் தள்ளுதலே தீது. அத்தீதை யான் இருமுறை செய்திருக்கின்றேன்.

முதல்முறை 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலே. அப்பொழுது எனக்கு இருபத்தைந்து வயது, வேலைக்குப் புதியவன், நாகப்பட்டினத்துக் கடலோரப் பள்ளி ஒன்றிலே இருந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் புகுந்ததை இங்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் உயிர்கள் மாண்டன. பள்ளி திறந்தபொழுது பலகைகளிலே இடைவெளிகள் இருந்தன. ஒருநாள் மணிமேகலைக் கதை சொல்ல நேர்ந்தது. புகாரைக் கடல் கொண்ட பகுதியை யான் சொல்லாமலே கடந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன், அக்கதையை வேறெங்கோ கேட்டிருந்தவன், எழுந்து, இந்திர விழாவை மறந்ததனால் புகாரைக் கடல் கொண்டதாமே, நாங்கள் எந்த விழாவையும் மறக்கவில்லையே ஐயா என்றான். யான் விடை கூறவில்லை. மணி அடிக்கும் வரையில் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். சோழ மன்னன் ஏன் விழாவை மறந்தான்? செருக்கினாலன்று. நாகநாட்டு மங்கை பீலிவளை தன் மகனை அரசனிடம் சேர்க்குமாறு வணிகன் ஒருவன் வசம் ஒப்புவிக்க, அம்மரக்கலம் கவிழ்ந்தது. குழந்தை காணாமற் போயிற்று. அரசன் அதனைத் தேடிக் கடற்கரையிலே அலைந்தான். அத்துயரில் விழாவை மறந்தான். பலமுறை படித்த நூலிலே அதுவரையில் யான் கண்டது சாபம் ஒன்றே. மறுநாள் அப்பகுதியை முழுவதும் சொன்னேன். தேவதையின் சினத்தைப் பழையோர் நம்பிக்கை என்று கூறிவிட்டு, கடல் சினத்தால் எழுவதன்று, சுமத்திராவின் அருகே கடலடியில் நிலம் பிளந்து நகர்ந்தமையால் எழுந்தது என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தது நிலம் நகர்ந்ததையன்று. கரையிலே மகனைத் தேடி நடந்த அரசனைப் பற்றியே இருவர் மூவர் வினவினர். பிள்ளை கிடைத்தானா என்றனர். நூலில் அதற்கு விடை இல்லை என்றேன்.

இரண்டாம்முறை செய்த தவறுதான் இன்றைய வழக்கிற்கு உரியது. பத்தாண்டுகட்கு முன், உள்நாட்டுப் பள்ளி ஒன்றிலே ஏழாம் வகுப்புப் பிள்ளைகட்காக அமுதசுரபியின் வரலாற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் படித்துக் காட்டினேன். பாடநூல்களிலே அக்கதை பெரும்பாலும் எங்ஙனம் இருக்கின்றதோ அங்ஙனமே எழுதினேன். ஆபுத்திரன் என்பான் பெற்றோர் இல்லாதவன். பசு பாலூட்டி வளர்த்தது. அவன் ஏழைகட்கு உணவளித்தான். தேவி மகிழ்ந்து அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் தந்தாள். அவ்வளவே. ஒரு மாணவன், ஊரின் கீழ்க்கோடியிலிருந்து வருபவன், கேட்டான்: அவன் நல்லவனாயின் சொந்த ஊரை விட்டு ஏன் மதுரைக்குப் போனான்?

நேரிய வினா. என் கதையில் அதற்குக் காரணமே இல்லை. காரணத்தை யானே வெட்டியெறிந்திருந்தேன்.

அன்பர்களே, நீக்குக என்று சொல்லப்பட்ட பகுதி இதுவாதலின் சற்று விரிவாகக் கூறுகின்றேன். வாரணாசியிலிருந்து நெறி பிறழ்ந்து தென்றிசை வந்த சாலி என்பாள், தான் ஈன்ற மகவைத் தோட்டத்தில் இட்டுச் செல்கின்றாள். ஒரு பசு ஏழு நாள் அதற்குப் பால் சொரிந்து காக்கின்றது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்துக் கல்வி பயிற்றுகின்றான். வளர்ந்த சிறுவன், வேள்விக்கென்று கட்டப்பட்டு அஞ்சி நின்ற ஓர் ஆவை இரவிலே அவிழ்த்துக்கொண்டு போகின்றான், பிடிபடுகின்றான், அடிபடுகின்றான். நீங்கள் குடிக்கும் பாலைத் தந்தது அன்றி இது உங்கட்குச் செய்த தீங்கு யாது என்று வினவுகின்றான். அவ்வினாவிற்கு விடையில்லை. விடையில்லாத இடத்தில் மனிதர் என்ன செய்வரோ அதனையே அவர்கள் செய்தனர். அவன் பிறப்பை எடுத்தனர். ஒருவன் சாலியின் கதையை அவையிலே கூறுகின்றான். சிறுவன் நகைத்து, நீங்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பை அறிவீரோ என்று ஒவ்வொருவராய் எண்ணிக் காட்டுகின்றான். அதன்பின் வளர்த்த தந்தையும் மனையினின்று அகற்றினான். பிச்சைக்குச் சென்ற ஊர்தோறும், ஆவைக் கவர்ந்த கள்வன் என்று அவன் ஓட்டிலே கல்லை இட்டனர்.

கல்லிட்ட ஓடு என்பதைக் கருதுங்கள். அதனோடுதான் அவன் மதுரைக்குப் போகின்றான். சிந்தாதேவியின் கோயில் முன்றிலிலே தங்கி, நாடோறும் இரந்து கொணர்ந்ததைக் கண்ணிலார்க்கும், செவியிலார்க்கும், காலிலார்க்கும், காப்பார் இல்லார்க்கும், பிணியாளர்க்கும் முன்னர் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்குகின்றான். மழை பொழியும் நள்ளிரவிலே பசித்தோர் வந்து எழுப்ப, கொடுப்பதற்கு ஒன்றும் இன்றி அவன் கலங்கும்பொழுதுதான் அமுதசுரபி அவன் கைக்கு வருகின்றது. பிறப்பை இகழ்ந்ததையும் கல்லிட்டதையும் நீக்கினால், அப்பாத்திரம் யாரோ ஒரு நல்ல பிள்ளைக்குக் கிடைத்த பரிசாகி நிற்கும். நம் ஆண்டு விழாவில் நாம் வழங்கும் எவர்சில்வர் தட்டிற்கும் அதற்கும் வேறுபாடு தோன்றாது.

மாணவன் கேட்ட மறுநாள் முழுக்கதையையும் படித்தேன். வகுப்பு அமைதியாய்க் கேட்டது. அதே மாணவன் மீண்டும் எழுந்து, பாத்திரம் கிடைத்த பிறகாவது அந்த ஊரார் அவனை வீட்டிற்குள் அழைத்தார்களா என்றான். இல்லை என்றேன். பின்னர் இந்திரன் பாண்டி நாட்டில் மழை பெய்வித்தமையின் பசித்தோர் அற்றுப்போயினர். அவன் பசித்தோரைத் தேடிச் சாவகத்திற்குக் கப்பலேறி, மணிபல்லவத் தீவிலே தவறி விடப்பட்டு, தன் ஒருவன் வயிற்றிற்காக அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர்துறந்தான் என்றேன். அம்மாணவன் அமர்ந்துவிட்டான். அன்று பகல் சத்துணவுக் கூடத்தில் அவனும் மற்றையோரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றதைப் பார்த்தேன். 1982இல் விரிவாக்கப்பெற்ற அத்திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளியினுள் ஒரே வரிசையை உண்டாக்கியிருக்கின்றன. பள்ளிக்கு வெளியிலே வரிசைகள் எத்தனை என்பதை உங்களினும் யான் மிகுதியாய் அறிந்தவனல்லேன்.

இங்கே அன்பர்கள் கூறும் தடைகள் இரண்டு. ஒன்று, இளம் உள்ளத்திலே பிறப்புப் பற்றிய இழிசொற்களை நாமே விதைக்கலாமா என்பது. என் இருபதாண்டு அனுபவத்தில் அவ்விதை ஐந்து வயதிற்குள் விழுந்துவிடுகின்றது. பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலே விழுகின்றது. பிள்ளைகள் அறியாத சொல் ஒன்றையும் சாத்தனார் சொல்லவில்லை. அவர் சொல்லும் விடைதான் அவர்கள் அறியாதது. மற்றொன்று, இக்கதை ஒரு வகுப்பாரைப் பழிப்பதாகாதா என்பது. இது கருதத்தக்க தடை. எடுத்து வளர்த்தவனும் அவ்வகுப்பினனே என்பதைக் கைப்படியிலே அழுத்தமாய் எழுதியுள்ளேன். இன்னும் ஒன்று கூறுவேன்; வருந்தாது கேட்பீர்களாக. நம் இதழிலே திங்கள்தோறும் நம் முன்னோரின் பெருமை குறித்துக் கட்டுரைகள் வெளிவருகின்றன. யானும் இரண்டு எழுதியிருக்கின்றேன். அவற்றைப் படித்து மகிழும் நாம், ஆபுத்திரன் நம் ஊர்த் தெருவிற்கு வந்திருந்தால் அவன் ஓட்டிலே எதனை இட்டிருப்போம் என்பதை எண்ணாமல், இட்டவர் வேறொரு வகுப்பார் என்று சொல்லித் தப்பிக்கவும் கூடாது. அப்பகுதியையே கிழித்துத் தப்பிக்கவும் கூடாது. பிள்ளைகள் அதனைக் கேட்பார்கள். கேட்கும்பொழுது விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியர் ஒருவரே அல்லர்.

நடையைப் பற்றி ஓரிரு சொல். யான் இப்பொழுது பேசும் இந்நடையில் அந்நூலை எழுதவில்லை. பண்டிதத் தமிழ் என் நாவிற்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் அதைக் கேட்டால் கொட்டாவி விடுகின்றனர். (முன்வரிசையில் இப்பொழுதே ஒருவன் உறங்குகின்றான், எழுப்ப வேண்டா.) சிறு வாக்கியங்களாக எழுதி, ஒவ்வொரு காதையையும் என் மகளிடம் உரக்கப் படிக்கச் சொல்லி, அவள் நாத் தடுக்கிய இடமெல்லாம் மாற்றினேன். பெயர்களை மாற்றவில்லை. காயசண்டிகை, சுதமதி, தீவதிலகை என்னும் பெயர்களைச் சிறார் நம்மினும் விரைவில் மனப்பாடம் செய்கின்றனர். 1947இல் தொடங்கிப் பன்னெடுங்காலம் வெளிவந்த அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு வேதாளம் சொன்ன நீண்ட பெயர்கள் தடையாயிருந்தனவா?

படங்கள் வேண்டும் என்று குழுவினர் கூறினர்; உடன்படுகின்றேன். ஆயின் ஆபுத்திரனைத் தலைக்குப் பின் ஒளிவட்டத்தோடு வரைய வேண்டா என்று ஓவியரிடம் கூறியுள்ளேன். ஓட்டைத் தலையணையாக வைத்து உறங்கும் பையனாக வரைந்தால் போதும்.

கைப்படி நூற்றுப்பன்னிரண்டு பக்கம் வருகின்றது. இரண்டு படிகள் எடுத்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கின்றேன். நீக்க வேண்டும் என்போரும், வேண்டா என்போரும் அப்பகுதியை மட்டும் புரட்டாமல் முழுவதையும் படித்து, தை முடிவதற்குள் தம் கருத்தை ஓரத்தில் எழுதி வைக்குமாறு வேண்டுகின்றேன். தாய்மார்கள் தம் பிள்ளைகளை அருகில் இருத்தி உரக்கப் படிப்பரேல், பிள்ளைகள் எங்கே இடைமறித்து வினவினர் என்பதையும் குறித்து வைத்தால் எனக்குப் பேருதவியாகும். அவ்வினாக்களைப் பார்த்த பின்னரே அச்சகத்திற்குக் கொடுப்பேன்.